ஆளில்லாத மன்றாட்டு

கந்தர்வக்கோட்டை தாண்டி ஒரு நிறுத்தத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். உச்சி வெயில். எதிரே மாதா கோவிலில் ஊரே கூடி மன்றாடும் சத்தம். எட்டிப் பார்த்தால் உள்ளே ஒருவரும் இல்லை. ஒலிபெருக்கி மட்டும் நூறு தொண்டைகளில் 'எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்கிறது.

வாசலில் ஓர் அம்மா முந்திரிக்கொட்டை காயவைக்கிறார்.

"ரெக்கார்டிங்குங்க. அதுல பாதிப்பேரு செத்துட்டாங்க. முன்னால சொல்ற குரல் என்னோடதுதான்."

"நீங்க உள்ள போறதில்லையா?"

"அதான் தெனம் அதுவே சொல்லிருதே."

அவருடைய செல்போன் அடிக்கிறது. எடுத்துக் கேட்டதும் சட்டென்று எழுகிறார். "எம்மகள ஆபரேசனுக்கு உள்ள கொண்டு போறாங்களாம்."

உள்ளே ஓடிச் சுவிட்சை அணைக்கிறார். முழங்காலிடுகிறார். "ஆண்டவரே, எம்மக..." அதற்குமேல் சொல் வரவில்லை, அழுகைதான் வருகிறது.

இப்போதுதான் அந்தக் கோவிலுக்குள் ஆள் இருக்கிறது.