காணிப்பாக்கம் வழியாகத் திருப்பதி

தாமோதரன் மறக்கிற ரகம் இல்லை. சித்தூரிலிருந்து திருப்பதி போகிற சாலையோரம் தகரக் கொட்டகை போட்டு வண்டி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தான். கையில் ஸ்பேனர் சுழன்றாலும் மனசு ஒரே ஒரு ஆளைச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த ஆள் வேதாச்சலம். அவன் நாலு பேர் முன்னால் கூனிக் குறுகி நிற்பதைக் கண்ணால் பார்க்காமல் தன் கட்டை வேகாது என்று தாமோதரன் உறுதியாக இருந்தான்.

பின்னே, சும்மா வருமா அந்த ஆத்திரம்? சொந்த ஊரான குடிபாலாவில் வேதாச்சலமும் அவன் அண்ணனும் கூட்டாக ஒரு டீசல் ஜீப் வைத்திருந்தார்கள். ஷேர் ஆள் ஏற்றிக்கொண்டு சித்தூருக்கும் திருப்பதிக்கும் ஓடும். வாலிபத்தில் தாமோதரன்தான் அதற்கு டிரைவர். டீசல் மட்டும் நிற்காமல் குறைந்துகொண்டே வந்தது. அண்ணன்காரன் வண்டிக்கடியில் குனிந்து பார்த்தால், டீசல் பைப்பை யாரோ கழற்றிக் கழற்றி மாட்டிய தடம். யார் வேலை என்று கேட்டான். வேதாச்சலம் கொஞ்சமும் கூசாமல் டிரைவரைக் கை காட்டினான்.

ஊர் கூடிவிட்டது. பஸ் ஸ்டாப் மரத்தில் தாமோதரனைக் கட்டி, வாயைப் பிளந்து வேதாச்சலமே டீசலை ஊற்றினான். “குடிச்சிப் பாருடா! திருட்டு டீசல் இனிப்பா கீதா?” என்றான். பாவி, சிரித்துக்கொண்டே கேட்டான்.

தாமோதரன் துப்பித் துப்பிக் கத்தினான். “காணிப்பாக்கம் வாங்க! கொளத்துல முழுகி புள்ளையார் முன்னாடி சத்தியம் பண்ணுங்க! நானும் பண்றேன்!”

காணிப்பாக்கத்துப் பிள்ளையார் முன் பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் விளங்காது. சித்தூர்ப் பக்கத்தில் இது கைக்குழந்தைக்கும் தெரியும். வேதாச்சலம் மட்டும், “உன்ன மாதிரி கூலிக்காரன் பெத்த புள்ளைக்கு நான் சத்தியம் பண்ணணுமா?” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். வல்லான் வகுத்ததே வாய்க்கால். ஊரும் கலைந்தது.

அதைக்கூடத் தாமோதரன் பொறுத்திருப்பான். கூட்டத்தில் அவன் அப்பா, வேதாச்சலம் வீட்டுக் கூலியாள் கருப்பன், நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனவர், அதற்கப்புறம் மகன் சம்பாத்தியத்தில் ஒரு வாய்ச் சோறு தின்னவில்லை. பெற்ற அப்பனே தன்னைத் திருடன் என்று நம்பிவிட்டார் என்பதுதான் தாமோதரனின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. நினைத்தால் இன்றைக்கும் கண் சிவந்துவிடும்.

ஊரில் எவனும் வேலை தரவில்லை. சென்னைக்கு ஓடினான். அம்பத்தூர்ப் பக்கம் மெக்கானிக் கடைகளில் வசவு வாங்கித் தொழில் கற்றுக்கொண்டு திரும்பினான். அதற்குள் வேதாச்சலம் பெங்களூருக்குப் போய் வீட்டுமனை வியாபாரத்தில் இறங்கியிருந்தான். பெங்களூரு பெருத்தது, அவனும் கூடவே பெருத்தான்.

அப்பேர்ப்பட்டவன் ஒரு வெயில் வேளையில் தாமோதரனின் கொட்டகை முன்னால் வந்து நின்றான். வீட்டில் பளபளவென்று புதுக் கார் இருந்தும், அதே பழைய ஜீப்பில். பேரனுக்குத் திருமலையில் முடி இறக்க வேண்டும். குடும்பத்துக்கு முதன்முதலில் சோறு போட்ட வண்டியில்தான் போக வேண்டும் என்பது அவன் மனைவி யசோதாவின் வேண்டுதல். அண்ணன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த வண்டியைத் துடைத்து எடுத்து, குடும்பத்தை ஏற்றி, மருமகன் பிரவீன் ஓட்டிக்கொண்டு வந்தான். சித்தூரைத் தாண்டியதும் டீசல் பைப் விரிசல் விட்டு வண்டி நின்றுவிட்டது.

“ஏம்பா மெக்கானிக், என்னான்னு பாரு. சீக்கிரம்” என்றான் வேதாச்சலம். மெக்கானிக்கின் முகத்தை யார் நிமிர்ந்து பார்க்கிறார்கள்? தாமோதரன் பார்த்தான். ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் படுத்தான்.

டாங்கிலிருந்து வரும் பைப் சட்டத்தில் உரசி உரசித் தேய்ந்து விரிந்திருந்தது. கெட்டுப்போன துண்டை அறுத்து எடுத்தான். அந்த இடத்தில் புது ரப்பர் ஹோஸைச் செருகினான். ஒரு பக்கம் கிளாம்ப் போட்டு முறுக்கினான். மறுபக்கத்துக்கு வந்ததும் கை நின்றது. இதைக் கொஞ்சம் தளர்வாக விட்டால் போதும். சந்திரகிரி தாண்டுவதற்குள் ஹோஸ் நழுவும். டீசல் கொதிக்கிற இன்ஜின் மேல் பாயும். மீதியை நெருப்பு பார்த்துக்கொள்ளும். ஆகா! நினைக்கவே இனித்தது. அந்த இனிப்பில் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தான்.

மேலே குழந்தை சிணுங்கியது. மனசு இளகிவிட்டான் என்று நினைத்தால் தப்பு. செத்தவன் வாயைத் திறக்க மாட்டானே என்றுதான் யோசித்தான். அவனுக்கு வேதாச்சலத்தின் சாவு வேண்டாம், வாய் வேண்டும். கிளாம்பைக் கடைசி மறை வரை இறுக்கினான்.

பைப்பில் புகுந்த காற்றை எடுக்காமல் டீசல் வண்டி கிளம்பாது. வெளியே வந்து பானெட்டைத் திறந்து, ஸ்க்ரூவைத் தளர்த்திக் கை பம்பை அழுத்தினான். நுரை நுரையாக வந்தது. அழுத்திக்கொண்டே யசோதாவைப் பார்த்துச் சாதுவாகக் கேட்டான்.

“ஏம்மா, காணிப்பாக்கம் போய்க்கினுதான வர்றீங்க?”

“எங்கப்பா! இவரு நேரா திருப்பதின்னுட்டாரு.”

“அதான பாத்தேன். புள்ளையாரத் தாண்டிக்கினு போனா வண்டி நிக்காம என்னா பண்ணும்?”

யசோதா புருஷன் பக்கம் திரும்பிவிட்டாள். “கேட்டுக்கினீங்களா? கல்யாணம் ஆன நாளா பாக்கறேன், அந்தக் கோயில் பேர எடுத்தாலே உங்களுக்கு ஒரு வேல வந்துடுது!”

“தர்வாத்த போலாம் யசோதா, திரும்பி வர்றப்ப...”

“அதெல்லாம் முடியாது. மொதல்ல புள்ளையாரு.”

நுரை அடங்கித் தெளிந்த டீசல் வந்தது. தாமோதரன் ஸ்க்ரூவை இறுக்கினான். இன்ஜின் இருமிப் பிடித்துக்கொண்டது. “காத்து எடுத்த வண்டி. கொஞ்ச தூரம் நானே ஓட்டிப் பாக்கணும்” என்று ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான்.

வண்டி காணிப்பாக்கம் பாதையில் திரும்பியது. பக்கத்தில் வேதாச்சலத்துக்கு வியர்த்துக் கொட்டியது. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்! “இதுக்கு ரெண்டாவது கியரு எப்பவும் மொரண்டு பிடிக்கும்” என்றான் தாமோதரன், ரோட்டைப் பார்த்தபடியே.

வேதாச்சலம் அப்போதுதான் முகத்தைப் பார்த்தான். “நீ... கருப்பன் பையனா?”

“டீசல் திருடன்னு கூப்புடுங்க, சட்டுனு நெனப்பு வரும்.”

கோயில் குளத்தருகே வண்டியை நிறுத்தினான். கட்டிய துணியோடு இறங்கி முழுகினான். ஈரம் சொட்டச் சொட்டக் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னான். “இந்த வண்டி டீசல்ல நான் ஒரு சொட்டு எடுத்ததில்ல. பொய்யின்னா எங் குடும்பம் வெளங்காம போவட்டும்!” பிறகு வேதாச்சலத்தைப் பார்த்தான். “இப்ப நீங்க.”

“பைத்தியம், வா போலாம்” என்று வேதாச்சலம் திரும்பினான். பேரனை இடுப்பில் வைத்திருந்த யசோதா குறுக்கே நின்றாள். நடந்தது முழுவதும் அவளுக்குத் தெரியாது. ஆனால் புருஷன் முகம் தெரியும். “எடுக்கலன்னா எடுக்கலன்னு சொல்லிட்டு வாங்க. இதுல என்னா பயம்?”

வேதாச்சலம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினான். முழுகி எழுந்தான். பேரனைப் பார்த்தான். “நான்தான்” என்றான். “நான்தான் எடுத்து வித்தேன். பழிய இவன் மேல போட்டேன்.”

பிரவீன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தாமோதரனுக்கு வயிறு குளிர்ந்தது. ஆனால் பசி தீரவில்லை. “எங்கிட்ட சொன்னா ஆச்சா? எங்க நைனா கிட்ட வந்து சொல்லுங்க.”

“வண்டிய எடு” என்றாள் யசோதா. அவள் குரலில் அழுகை இருந்தது.

குடிபாலாவில் கருப்பன் நிலக்கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தார். பழைய முதலாளியைக் கண்டதும் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். வேதாச்சலம் தரையைப் பார்த்துச் சொல்லி முடித்தான். “கருப்பா, அன்னிக்கு டீசல் எடுத்தது உம் பையன் இல்ல. நான்தான்.”

“தெரியுங்க” என்றார் கருப்பன்.

தாமோதரன் வெடுக்கென்று திரும்பினான். “என்னா நைனா தெரியும்?”

“இவரு புடிச்சிக் குடுத்த டின்னத் தூக்கிக்கினு போய் வித்துட்டு வந்ததே நான்தான்டா. சொன்னா அவங்க வீட்டுக் கூலி போயிடும். ஒங்கம்மா அப்ப படுத்த படுக்கையா கெடந்தா.”

“அப்ப ஏன் எங்கையால ஒரு வாய் துன்னல?”

“எந்த மூஞ்ச வெச்சிக்கினுடா துன்றது?”

கருப்பன் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். போகட்டும் விடுப்பா, வயசானவர் என்று யசோதா மெல்லச் சொன்னாள். தாமோதரனின் கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக வந்தது. ஆனால் அவன் விடவில்லை.

“நடங்க” என்றான், இருவரையும் பார்த்து. “பஸ் ஸ்டாப்புக்கு. ஊரக் கூட்டுறேன். அங்க வந்து ரெண்டு பேரும் சொல்லுங்க.”

வேதாச்சலம் அசையாமல் நின்றான். கருப்பன்தான் முதலில் எழுந்து நடந்தார்.