பிஎச்பி காயை மாத்திய கதை

பிஎச்பி என்கிற கம்ப்யூட்டர் மொழியில் வெப்சைட் எழுதிப் பிழைக்கிறவன் ரெண்டு பக்கமும் அடி வாங்குகிறவன். வாடிக்கையாளருக்கு அவன் செய்யும் வேலை என்னவென்று தெரியாது, அதே தொழிலில் இருக்கிறவர்களுக்கோ அது ஒரு வேலையாகவே தெரியாது. இதே சோலியில் மாட்டிக்கொண்டவர்கள் இந்த வரியிலேயே ஒரு பெருமூச்சு விட்டிருப்பீர்கள். விடுங்கள், மிச்சமும் அப்படித்தான்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலேஜ் வாசலை மிதித்தவன் இல்லை. போடியில் ஒரு பிரவுசிங் சென்டரில் எடுபிடியாக இருந்தபோது, கெட்டுப்போன வெப்சைட்டுகளைத் திறந்து நோண்டி, திட்டு வாங்கி, மறுபடி நோண்டிக் கற்றுக்கொண்டவன். இப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் ஒரு அறை, ரெண்டு கம்ப்யூட்டர். கூட வேலை செய்ய கவிதா. அவள் என்னைவிட நன்றாக எழுதுவாள், என் கோபத்துக்கும் பயப்பட மாட்டாள்.

செத்த வீடு

பக்கத்து ஊர் சிலமலையில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலை, பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருக்கிற என் மாமா மகன். எதில் எழுதுகிறேன் என்று கேட்டான். சொன்னேன். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சிரித்தான். அவன் கம்பெனியில் அதையெல்லாம் மூட்டை கட்டிப் போட்டு வருசக்கணக்காகிறதாம்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவன் தினமும் திறக்கிற வெப்சைட்டுகளில் பாதி எதில் ஓடுகிறது தெரியுமா என்று ஆரம்பித்தேன். சாம்பார் வாளியோடு நின்றவர் ஊற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வரிசை முழுக்கக் கை நிறுத்திக் கேட்டது. நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் அவன் ரொம்பப் பரிவாகச் சொன்னான்: "கோவப்படாதீக மாப்ளே. செத்த வீடுன்னாலும் கூட ஒருத்தர் உக்காந்துதான ஆகணும்."

நடுவில் ஒரு எழுத்து

ஏலக்காய் வியாபாரி செல்வராஜ் அண்ணேதான் எங்களுக்கு மிச்சமிருந்த பெரிய வாடிக்கை. மற்றவர்கள் எல்லாம் ரெடிமேடாகக் கிடைக்கிற ஆப்புகளுக்குப் போய்விட்டார்கள். அறை வாடகையும் கவிதா சம்பளமும் அவர் ஒருவரை நம்பித்தான் ஓடின. அந்தச் சோலியும் கைவிட்டுப் போனால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

மலையிலிருந்து காய்ந்த காய் ஜீப்பில் இறங்கியதும் அவர் மூட்டைக்கு ஒரு குறி போடுவார். முதலில் தோட்டத்து எண், நடுவில் எஸ்டேட்டுக்கு E, கடைசியில் அது எத்தனாவது எடுப்பு, அதாவது பறிப்பு, என்பது. ரெண்டாம் தோட்டத்து மூணாவது எடுப்பு என்றால் 2E3. நான் செய்து கொடுத்த வெப்சைட்டில் அந்தக் குறியை அடித்தால் அந்த மூட்டைக் காயின் படமும் தரமும் வரும். வடக்கே இருந்து வாங்குகிறவனும் பார்ப்பான், விளைய வைத்தவரும் போனில் பார்ப்பார்.

இந்த E எனக்கு ஆரம்பத்திலேயே பிடிக்கவில்லை. வரிசையாக எண் போடுவோம் என்று பேரம் பேசினேன். பேரத்தில் நான் லேசில் விடுகிறவன் இல்லை. ஆனால் அவர் ஏலக்காயில் பழம் தின்று கொட்டை போட்டவர். கடைசியில் வெப்சைட்டின் அடியில் என் கடைப் பெயரைப் போட அவர் சம்மதித்தார், E இருந்துவிட்டுப் போகட்டும் என்று நான் சம்மதித்தேன். ஜெயித்தது நான்தான் என்று நினைத்துக்கொண்டு படியிறங்கும்போது அவர் சொன்னார்: "நம்பரு எவனும் போடுவான் தம்பி. நடுவுல அந்த E இருந்தாத்தான் அது நம்ம மூட்டை."

அந்த ஒரு வார்த்தை

ரெண்டாம் தோட்டம் குரங்கணிக்கு மேலே இருக்கிற பாண்டியம்மா அக்காவுடையது. இந்த வருசம் மூணாவது எடுப்பு அவருக்கு வாய்த்த மாதிரி யாருக்கும் வாய்க்கவில்லை. உருண்டு திரண்ட காய், கரும்பச்சை. ஆசையாகப் போனில் 2E3 என்று அடித்துப் பார்த்திருக்கிறார். வந்தது வெளுத்து, வாய் பிளந்து, சூம்பிப்போன காய்.

இந்த மலையில் வியாபாரியைக் கஞ்சன் என்று திட்டலாம், அராத்து என்று திட்டலாம், மறுநாள் ஒன்றாக டீ குடிக்கலாம். 'காயை மாத்திட்டான்' என்று மட்டும் சொல்லக்கூடாது. சொன்னால் அந்தக் கடைக்கு அப்புறம் ஜீப்பு திரும்பாது. அக்கா அதைத்தான் சொன்னார். வீட்டுக்கென்று எடுத்து வைத்திருந்த காயைத் துண்டில் முடிந்து கொண்டுவந்து, தேவாரம் ஊர்த் தோட்டக்காரர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்த கடையில் மேசைமேல் கொட்டிவிட்டு, அந்த ஒரு வார்த்தையைச் சொன்னார்.

செல்வராஜ் அண்ணே 2E3 மூட்டையை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே இருந்தது அக்காவின் காயேதான். அப்படியானால் போனில் இருப்பது யாருடைய காய் என்று அக்கா கேட்டதும் அவர் எனக்குப் போன் போட்டார். ஓடினேன். படம் இருபதாம் தோட்டத்து ரெண்டாவது எடுப்பு, 20E2. அது எப்படி இங்கே வந்தது என்று எனக்கும் தெரியவில்லை. யாரும் எதையும் மாற்றவில்லை என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன். அக்கா போனை விரலால் தள்ளித் தள்ளி அடிவரைக்கும் போனார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்: "கீழ உங்க பேருதான தம்பி போட்டிருக்கு. அப்ப மாத்துனது நீங்கதான?"

குழுவில் கேட்டேன்

நானும் கவிதாவும் எழுதியதை வரிவரியாகப் பார்த்தோம். வெளியே மழை, கரண்டு வருவதும் போவதுமாக இருந்தது. எங்கேயும் தப்பு தெரியவில்லை. செல்வராஜ் அண்ணே போன் அடித்துக்கொண்டே இருந்தார். இருபதாம் தோட்டத்துக்காரரும் இப்போது தன் காயைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாராம்.

பிஎச்பி எழுதுகிற நம் ஆட்களுக்கென்று ஆன்லைனில் ஒரு குழு இருக்கிறதல்லவா, அதில் கேட்டேன். முதல் பதில், கும்பிடுகிற கை. ரெண்டாவது, வேறு மொழிக்கு மாறுங்கள் என்று அறிவுரை. அப்புறம் ரெண்டு பேர், என் கேள்விக்குச் சம்பந்தமே இல்லாமல், எந்த முறையில் எழுதுவது உசத்தி என்று ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டார்கள். நான் சும்மா இருப்பேனா, எல்லாரையும் சேர்த்துக் கிழித்தேன். இன்னொரு வார்த்தை பேசினால் வெளியே தள்ளிவிடுவோம் என்று எச்சரிக்கை வந்தது.

அந்தச் சண்டைக்கு நடுவே முன்பின் தெரியாத ஒருவர் ரெண்டே வரி போட்டிருந்தார். எண்ணுக்கு நடுவில் E வந்தால், E-க்குப் பின்னால் இருக்கிற எண்ணிக்கைக்குச் சைபர் போட்டுக்கொள்ளும் பிஎச்பி. ரெண்டு சமக்குறி போட்டு ஒப்பிட்டால் குறியைப் பார்க்காது, மதிப்பைத்தான் பார்க்கும். அதாவது 2E3 என்றால் ரெண்டும் மூணு சைபரும். 20E2 என்றால் இருபதும் ரெண்டு சைபரும். போன வருசம் வரைக்கும் அண்ணேயிடம் இருந்தது ஏழெட்டுத் தோட்டம், அதனால் இடிக்கவில்லை. இந்த வருசம் பத்தைத் தாண்டி இருபதுக்கு மேலே போனதும் இடித்துவிட்டது. கவிதா காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினாள்: "ரெண்டாந் தோட்டமும் ரெண்டாயிரம், இருபதாந் தோட்டமும் ரெண்டாயிரம். அது பொய் சொல்லலண்ணே, அதுக்குக் காய் தெரியல."

விளக்கம்

ரெண்டு சமக்குறி இருந்த இடத்தில் மூன்று போட்டால் குறியைக் குறியாகவே பார்க்கும். போட்டேன். 2E3 அடித்தேன், கரும்பச்சைக் காய் வந்தது. வெரசாகக் கடைக்குப் போனேன். பாண்டியம்மா அக்காவையும் வரச் சொல்லி, காகிதத்தில் சைபர் போட்டுக் காட்டி விளக்கினேன். செல்வராஜ் அண்ணேயைவிட அக்காவுக்குச் சீக்கிரம் புரிந்தது. மனசு ஆறி, அடுத்த எடுப்பும் இங்கேதான் என்று சொல்லிவிட்டு ஜீப்பு ஏறினார்.

ஆனால் அவர் முன்னே சொன்ன வார்த்தை அவருக்கு முந்தியே மலையேறிவிட்டிருந்தது. ஜீப்புக்கு ஜீப்பு தாவி, தேவாரம் வரைக்கும் போய்விட்டது. மூன்று தோட்டத்துக் காய் வேறு கடையில் இறங்கியது. என்னோடு வாருங்கள், ஒவ்வொரு தோட்டமாக ஏறி நானே விளக்குகிறேன் என்று அண்ணேயிடம் மன்றாடினேன். சத்தமும் போட்டேன். அவர் என் தோளில் கை வைத்து வாசல்வரைக்கும் கூட்டி வந்தார்: "மிசினு காய மாத்திருச்சுன்னா மலையில ஒருத்தரும் நம்ப மாட்டாக தம்பி. நான் ஆள மாத்திட்டேன்னா நம்புவாக."

நான் போட்ட மூன்றாவது சமக்குறி இன்றைக்கும் அந்த வெப்சைட்டில் ஒழுங்காக வேலை பார்க்கிறது. வேலை இல்லாமல் போனது எனக்கும், போன வாரம் கோயம்புத்தூர் பஸ்சு ஏறிய கவிதாவுக்கும்தான்.