கறிவேப்பிலைச் செடி குடித்த டீ

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆடி முடிந்து ஆவணி முகூர்த்தங்கள் ஆரம்பித்த நேரம். திருப்போரூரில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் நான் ஜாக்கெட் தைக்கிறேன். கல்யாண சீசன் வந்தால் தலைக்கு மேல் வேலை இருக்கும். மிதிமெஷினில் நான் மாங்கு மாங்கென்று மிதிப்பதைப் பார்த்து என் வீட்டுக்காரருக்கு மனசு கேட்கவில்லை. அவர் அடுக்குமாடி வீடுகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். ஒருநாள் நான் கேட்காமலே ஒரு மோட்டாரை வாங்கி வந்து மெஷினில் மாட்டிவிட்டார்.

"இனிமேட்டு குந்திகினே தைக்கலாம்மே, காலு வலிக்காது" என்றார். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

கால் வலிக்கவில்லைதான். அதைவிட மோசமாக ஒன்று வந்தது. பொழுது சாய்ந்து சும்மா உட்கார்ந்தால் போதும், கெண்டைக்காலுக்குள் எறும்பு ஊர்வது போல இருக்கும். தோலுக்கு மேலே இல்லை, உள்ளே. வலி என்றும் சொல்ல முடியாது, அரிப்பு என்றும் சொல்ல முடியாது. காலை உதறினால் அடங்கும், நிறுத்தினால் மறுபடி ஊரும். படுத்தால் கேட்கவே வேண்டாம். யோசித்துப் பார்த்தால் இது முன்பே லேசாக இருந்திருக்கிறது. நாள் முழுக்க மிதித்துக்கொண்டே இருந்ததில் எனக்குத் தெரியவில்லை.

விளக்கு வைத்த நேரத்தில் காலாட்டினால் எங்கள் வீட்டில் அவர் சும்மா விடுவாரா? "காலாட்டாதமே, வூட்டுக்கு ஆவாது" என்பார். சரி என்று எழுந்து, கேட்டிலிருந்து கறிவேப்பிலைச் செடி வரைக்கும் போவதும் வருவதுமாக நடப்பேன். "இன்னா, பொழுது சாஞ்சா பிரதட்சணம் ஆரம்பிச்சிடற?" என்று அதற்கும் ஒரு கிண்டல்.

ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தவர்கள் ஆளுக்கொரு வைட்டமின் கொடுத்தார்கள். ஒருத்தி பி12 என்றாள். இன்னொருத்தி டி என்று சொல்லி என்னை வெயிலில் நிற்கச் சொன்னாள். திருவிடந்தைப் பக்கமிருந்து மீன் கொண்டுவரும் அக்கா, "அல்லாமே மத்தி மீன்ல கீது, கொயம்பு வெச்சித் துன்னு" என்றார். காலேஜ் படிக்கும் பெண் ஒருத்தி போனைக் காட்டி சி, இ, மெக்னீசியம் என்று அடுக்கினாள். ஆங்கில எழுத்து இருபத்தாறும் என் காலுக்குத் தேவைப்படும் போலிருந்தது. மெடிக்கலில் கேட்டு இரண்டு மூன்று வாங்கியும் விழுங்கினேன். காலுக்கு ஒன்றும் தெரியவில்லை, கைக்காசுதான் கரைந்தது.

சரியான தூக்கம் இல்லாமல் ஒருநாள் கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டில் கையைத் திருப்பி வைத்துத் தைத்துவிட்டேன். பிரித்துக்கொண்டே அழுதேன். அதைப் பார்த்த அன்றுதான் அவர் கிண்டலை நிறுத்தினார். மறுநாள் வேலைக்குப் போகாமல் என்னை வண்டியில் ஏற்றிச் செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போனார்.

அங்கே ஒரு டாக்டரம்மா பார்த்தார். நான் எறும்பு ஊர்கிறது என்றதும் அவர் சிரிக்கவில்லை. ஓய்வாக இருக்கும்போதுதான் படுத்தும் கால் நோய் ஒன்று இருக்கிறது, நிறைய பேருக்கு வருவது என்று சொன்னார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் வைட்டமின் டி கொஞ்சம் குறைவு. அதைவிட, உடம்பில் இரும்புச்சத்தின் சேமிப்பு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. "கண்டதை வாங்கிப் போடாதீங்க. எது குறையுதோ அதைக் கொடுத்தாத்தான் கால் கேட்கும்" என்று மாத்திரை எழுதினார். இரும்பு மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் தண்ணீரோடு போடச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் இவருக்கு அது பிடிக்கவில்லை. "வெறும் வயித்துலயா? கொடலு இன்னாத்துக்காவும்!" என்றவர், நேரே அடுப்படிக்குள் போனார். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அவர் அடுப்பு பற்றவைத்து நான் பார்த்ததே இல்லை. வெந்நீர் வேண்டுமென்றாலும் குரல்தான் வரும், ஆள் வரமாட்டார். அன்றைக்கு உள்ளே பாத்திரம் உருண்டது, பால் பொங்கி வழிந்தது. கடைசியில் ஒரு டம்ளரோடு வந்தார். லாரிக்காரர் டீ. பால் ஊற்றியும் நிறம் கறுப்பு, சர்க்கரை அள்ளிக் கொட்டியிருந்தது. நான் மாத்திரையை வாயில் போட்டு விழுங்கும்வரை எதிரிலேயே நின்றார். "முய்ங்கு, முய்ங்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்து கால் கழுவினதும் மாத்திரையும் டீயும் வரும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த டீக்காக மத்தியானத்திலிருந்தே காத்திருப்பேன்.

ஆனால் கால் அடங்கவில்லை. நாளாக ஆக இன்னும் அதிகமானது.

மறுபடி செங்கல்பட்டுக்குப் போக வேண்டிய நாளில் அவருக்கு லோடு இருந்ததால் தனியாகப் போனேன். மாத்திரை எப்படிப் போடுகிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். நான் பெருமையாக எங்கள் வீட்டு டீக்கதையைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அம்மா, டீ அந்த இரும்பை உடம்புல சேரவே விடாது. சாயங்கால டீ தூக்கத்தையும் கெடுக்கும், இந்தக் காலையும் கிளப்பிவிடும். மாத்திரையைக் காலையில எலுமிச்சை ஜூஸோட போடுங்க. சாயங்கால டீயை விட்டுடுங்க" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சீட் கிடைத்தும் உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு ஒரே யோசனை. சொன்னால் டீ நின்றுவிடும். டீ நின்றால் அந்த மனுஷனும் அடுப்படிப் பக்கம் வருவதை விட்டுவிடுவார். இத்தனை வருடம் கழித்துக் கிடைத்த ஒன்றை நானே எப்படி வேண்டாம் என்பது?

"மாத்திரைய காலைக்கு மாத்திட்டாங்க" என்று மட்டும் அவரிடம் சொன்னேன்.

"டீ குடிக்கலாமில்ல?"

"ஓ, குடிக்கலாமே" என்றேன்.

காலையில் அவர் கிளம்பிப் போனதும் எலுமிச்சை பிழிந்து மாத்திரை போட்டேன். சாயங்காலம் டீ வந்தால் டம்ளரோடு என் பிரதட்சணத்துக்குப் போவேன். அவர் டிவி பக்கம் திரும்பினதும் கறிவேப்பிலைச் செடியின் அடியில் ஊற்றிவிட்டு, காலி டம்ளரோடு வருவேன். ஊற்றும்போதெல்லாம் எனக்காகப் போட்டதை மண்ணில் கொட்டுகிறோமே என்று இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சட்னி தாளிக்கக் கேட்டேன் என்று கறிவேப்பிலை பறிக்கப் போனவர், "ஆ"வென்று காலை உதறினார். சர்க்கரைக்கு வந்த எறும்பு கடித்துவிட்டது. குனிந்து பார்த்தார். செடியைச் சுற்றி எறும்புப் படை, மண்ணெல்லாம் டீக்கறை. கொஞ்சம் மண்ணை எடுத்து முகர்ந்து பார்த்தார். அவர் முகம் சுருங்கியதை என்னால் பார்க்க முடியவில்லை.

"புடிக்கலன்னா சொல்லக்கூடாதா? இத்தினி நாளா நான் செடிக்கா டீ போட்டுகினு இருந்தேன்?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டாக்டரம்மா சொன்னது, பஸ்ஸில் யோசித்தது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "டீ வேணாம்னு சொன்னா நீங்க அடுப்பாண்ட வரமாட்டீங்கன்னு பயந்துட்டேங்க" என்றேன்.

கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார். "மோட்டாரும் நான் மாட்னது, டீயும் நான் குட்த்தது. அப்ப உன் காலப் புட்ச்ச சனி நான்தானாமே?" என்றார். சிரிக்கிறாரா, நொந்துபோய்ச் சொல்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சட்னி தாளிக்காமலே கிடந்தது. நான் வாசலுக்கும் செடிக்கும் நடந்தேன். அன்றைக்கு நடந்தது காலுக்காக இல்லை.

வெயில் ஏறின பிறகு வந்தார். பை நிறைய எலுமிச்சை, நெல்லிக்காய். ஒரு குடும்பத்துக்கு ஒரு வருடத்துக்கு ஆகும். "மெடிக்கல்ல கேட்டுகினு வந்தேன். புளிப்பா கீறது கூட போட்டாத்தான் ரத்தத்துல ஏறுமாம்" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு, பையோடு அடுப்படிக்குள் போனார். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. நான் முன்னறையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதேன்.

மறுநாளிலிருந்து வேலைக்குக் கிளம்பும் முன் அவரே பிழிந்து கொடுப்பார். சர்க்கரை போட மறந்துவிடுவார், உப்பை மட்டும் இரண்டு தடவை போடுவார். டீ நேரம் வந்தால், "எய்ந்துரு, நடக்கணுமில்ல" என்று வண்டியை எடுப்பார். திருவிடந்தை கடற்கரையில் கரையேற்றி வைத்த படகுகளுக்கு நடுவே இரண்டு பேரும் நடப்போம். ஒருநாள் அவரே மோட்டாரையும் கழற்றிப் பரண்மேல் போட்டார்.

உடனே ஒன்றும் மாறிவிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, சில மாதத்தில் கால் அடங்கியது. இப்போதும் என்றைக்காவது எட்டிப் பார்க்கும், ஆனால் தூங்க விடுகிறது. நான்தான் அந்த மனுஷனைக் குறைவாக எடை போட்டுவிட்டேன். டீ நின்றது, ஆனால் இன்று காலையிலும் உப்பு அதிகமான ஜூஸோடு எதிரில் நின்று "முய்ங்கு, முய்ங்கு" என்றார், நானும் முகம் சுளிக்காமல் ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.