விரல் உயர மாதாவுக்குக் கண் எழுதியது

நத்தார் என்கிற கிறிஸ்மஸுக்குக் கோவிலில் வைக்கிற பாலன் குடிலுக்குக் கலண்டர் படத்தை வெட்டி ஒட்டலாம் என்று மச்சாள் சொன்னபோது நான் பேசாமல் இருந்திருக்கலாம். எனக்கு அது வராது.

“கடதாசியிலை மாதாவோ? இந்த ஒழுங்கையிலை நான் உயிரோடை இருக்கேக்கையோ? சொரூபங்களை என்னட்டைத் தாங்கோ சுவாமி. நான் தீட்டித் தாறன்.”

பங்குச் சுவாமியார் என்னைப் பார்த்தார். மச்சாள் கோவில் முகட்டைப் பார்த்தாள். மச்சாள் என்றால் என் கணவரின் தங்கை. வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறவள்.

“மச்சாள், நீங்கள் கடைசியாத் தீட்டினது எப்ப?”

“கலியாணத்துக்கு முதல்.”

“அப்ப நாப்பது வருசம்.”

“கை மறக்காது.”

மறந்திருந்தது. ஆனால் அதை அவளுக்கு முன்னால் சொல்ல முடியுமா? மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. எழுத்து எனக்கு இன்றைக்கும் மெல்லத்தான் வரும். ஆனால் பதினைந்து வயதில் கன்னியர் மடத்தில் சின்னச் சொரூபங்களுக்கு நான் வர்ணம் தீட்டினால் கன்னியாஸ்திரிகள் கூடி நின்று பார்ப்பார்கள். பிறகு கலியாணம், பிள்ளைகள், மீன் கூடை. தூரிகை எங்கே போனதென்றே தெரியாது.

குருநகரில் எங்கள் ஒழுங்கைச் சந்துக் கோவிலின் குடில் சொரூபங்கள் ஆள்காட்டி விரல் உயரம். சண்டைக்குப் பயந்து நாங்கள் எல்லோரும் நீர்வேலிப் பக்கம் ஓடி, வாழைத்தோட்டங்களுக்குள் சில மாதம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், கோவில் கூரையில் ஓட்டை. சொரூபப் பெட்டிக்குள் மழைத்தண்ணீர். வர்ணம் முழுக்க உரிந்து எல்லாரும் ஒரே வெள்ளை. எது ராசா, எது இடையன் என்று தலையில் கிரீடம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் சொல்லலாம்.

“சரி அம்மா. நத்தாருக்கு முதல் சனிக்கிழமை கொண்டு வாங்கோ. சரிவராட்டிப் படத்தை ஒட்டுவம்” என்றார் சுவாமியார். பாலனை மட்டும் தரவில்லை. நத்தார் பூசை வரைக்கும் பாலன் அவருடைய அலுமாரிக்குள் பூட்டித்தான் இருப்பார். அது எங்கள் வழக்கம்.

அது கரண்ட் இல்லாத மூன்றாம் வருடம். மண்ணெண்ணெயைத் துளித் துளியாக அளந்த காலம். கடையில் வர்ணம் என்று கேட்டால் சிரிப்பார்கள். என் கணவரோ கடலுக்குப் போகத் தடை என்று, போகாத கடலுக்குக் கிழிந்த வலை பொத்திக்கொண்டு முற்றத்தில் இருந்தார். அவரிடம் வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய பெயின்ற் இருந்தது. வெள்ளை, நீலம், அடியில் ஒட்டிய கொஞ்சம் சிவப்பு. அதை எடுத்தேன். விளக்குக் கரி கறுப்புக்கு. செங்கல்லை இடித்து அரித்த தூள் தோல் நிறத்துக்கு.

முதல் நாள் இடையர் நால்வரையும், யோசேப்பையும் தீட்டி, கிணற்றுக் கட்டில் காய வைத்தேன். அடுத்த நாள் தொட்டால் ஒட்டியது. அதற்கடுத்த நாளும் ஒட்டியது. மூன்றாம் நாள் விடிய யோசேப்பைக் காணவில்லை. வேலியோரம் தேடிப் போனால், பூனை அவரை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்து ஆறுதலாக நக்கிக்கொண்டிருக்கிறது. மூக்கு போய்விட்டது.

“இஞ்சருங்கோ, உந்தப் பெயின்றுக்குள்ளை என்ன கலந்தனீங்கள்?”

அவர் வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “கொஞ்சம் மீன் எண்ணெய். பெயின்ற் காணாதெண்டு எல்லாரும் கலக்கிறதுதானே.”

“என்னட்டைச் சொல்லேல்லை!”

“நீ வள்ளத்துக்கு எண்டு கேக்கேல்லை. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்.”

வள்ளம் காயாவிட்டால் பரவாயில்லை, அதைப் பூனை தூக்கிக்கொண்டு போகாது. எனக்கு வந்த கோபத்துக்கு அன்று சோறு குழைந்துபோனது. எல்லாவற்றையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். ஒரு இரவு விளக்கெரிக்கிற மண்ணெண்ணெய் அதில் போனது. அந்த இரவு அவர் இருட்டில் இருந்து சாப்பிட்டார். 

எண்ணெயை எடுக்கிற வழியை நானாகத்தான் கண்டுபிடித்தேன். கரையில் பொறுக்கிய கணவாய் மீன் ஓட்டின் மெத்தென்ற பக்கத்தில் பெயின்றைத் தடவி ஒரு பகல் விட்டேன். ஓடு எண்ணெயைக் குடித்துவிட்டது. மேலே களிபோலக் கிடந்ததைச் சுரண்டி, இரண்டு துளி மண்ணெண்ணெய் விட்டுக் குழைத்தால், நல்ல மெல்லிய வர்ணம். தடிப்பாக ஒரு தரம் அப்பினால் சொரூபத்தின் விரலும் மூக்கும் மூடிப் போகும். தண்ணியாக இரண்டு தரம் பூச வேண்டும். இது பதினைந்து வயதில் எனக்குத் தெரிந்த விஷயம். மறுபடி தெரிந்துகொள்ள இரண்டு கிழமை ஆனது.

தூரிகை? பூனையின் வாலில் கொஞ்ச மயிரை வெட்டி, கோழி இறகின் தண்டுக்குள் செருகி, வலை நூலால் கட்டினேன். மூக்கைத் தின்றதற்கு அது கொடுத்த அபராதம்.

உடுப்புகள் சரி வந்தன. ராசாக்களும் சரி. யோசேப்புக்குச் சுண்ணாம்பில் மூக்கு வைத்துவிட்டேன். கழுதை தானாகவே வந்துவிட்டது. மாதாவின் கண்தான் வரவில்லை. நெல்லில் பாதிகூட இல்லாத கண். முகம் முழுக்கத் தோல் நிறம் பூசி, அதன்மேல் வெள்ளை வைத்து, அதன்மேல் கறுப்புப் புள்ளி வைத்தேன். என் கணவர் எட்டிப் பார்த்தார்.

“உது மாதாவோ, விளைமீனோ?”

“உங்கடை வேலையைப் பாருங்கோ.”

“எனக்கு வேலை இல்லையெண்டுதானே பாக்கிறன்.”

துடைத்தேன். அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பறித்துப் போட்டுக்கொண்டு, பத்து மணி வெளிச்சத்தில் மட்டிச் சிப்பிகளின் உட்பக்கத்தில் கண் கண்ணாக எழுதிப் பழகினேன். காய்கிறதுக்கு முற்றத்தில் வரிசையாக வைத்தேன். மச்சாள் படலையைத் திறந்து வந்தவள் அப்படியே நின்றாள்.

“ஐயோ மச்சாள், வளவு முழுக்க என்னை முழிசிப் பாக்குது!”

“உன்னைப் பாக்க ஆருக்கு விருப்பம்? விலத்தி நட, மிதிச்சுப் போடாதை.”

“படத்தை வெட்டி வைச்சிட்டன். நீங்கள் கரைச்சல்படாதேங்கோ.”

கரைச்சல்படாதே என்று சொல்லத்தான் வேலி கடந்து வந்திருக்கிறாள்! அன்று பின்னேரம் நான் சாப்பிடவில்லை. கைநடுக்கம் வேறு. மூச்சை விட்டு, அடுத்த மூச்சு எடுக்கும் முன் கோட்டை இழுத்தால் நடுங்காது என்று கண்டேன். ஆனாலும் முழிதான் வந்தது, பார்வை வரவில்லை.

சனிக்கு இரண்டு நாள் முன்னம், அலுப்பில் வேலையைத் தலைகீழாகச் செய்தேன். வெறும் முகத்தில் முதலில் கண்ணை எழுதினேன். வெள்ளையே வைக்கவில்லை. தாழ்ந்த இமைக்குக் கரியில் ஒரு கோடு, அவ்வளவுதான். கோடு தடிப்பாகத்தான் விழுந்தது. பிறகு தோல் நிறத்தை மேலேயும் கீழேயும் கொண்டுவந்து, அந்தத் தடிப்பை மயிரளவுக்குச் சீவி எடுத்தேன். கண்ணைச் சின்னதாக எழுதத் தேவையில்லை, முகத்தைக் கண்வரைக்கும் கொண்டுவந்தால் போதும். நாற்பது வருடம் கழித்துத்தானா இது புரிய வேண்டும்! மாதா குனிந்து பார்த்தாள். எங்கே பார்க்கிறாள் என்று அறிய, பாலன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நெருப்புப்பெட்டியை வைத்துச் சரிபார்த்தேன். நேரே அதைத்தான் பார்த்தாள்.

சனிக்கிழமை சுவாமியார் மாதாவைக் கையில் எடுத்து வாசலுக்குக் கொண்டுபோய், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுருட்டிய கலண்டரோடு மச்சாள் பக்கத்தில் நின்றாள்.

“குடிலிலை வையுங்கோ” என்றார் அவர். மச்சாள் கலண்டரை இன்னும் இறுக்கிச் சுருட்டினாள்.

அந்த நத்தாருக்கு, குண்டு விழுகிற பயத்தில், பூசையை விடிந்த பிறகு வைத்தார்கள். பூசை முடிவில் சுவாமியார் பாலனைக் கொண்டுவந்து, முன்னணைத் தொட்டி வைக்கோலில் கிடத்தினார். பாலனுக்கு முத்தி, அதுதான் முத்தம், கொடுக்க எல்லாரும் வரிசையாகப் போனோம். எனக்குப் பின்னால் நின்ற மச்சாள் என் காதுக்குள் வந்தாள்.

“மச்சாள், மாதா ஏன் கழுதையைப் பாக்கிறா?”

பார்த்தேன். உண்மைதான். நெருப்புப்பெட்டி எங்கே, முன்னணை எங்கே! முன்னணை இரண்டு பங்கு பெரிது. அதை நட்டநடுவில் வைத்திருந்தார்கள். மாதா பிள்ளையை விட்டு இடப்பக்கமாக, அத்தனை அன்போடு, கழுதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதம் பட்ட பாடு கழுதைக்கு!

என் முறை வந்தது. முத்தி கொடுத்தேன். நிமிர முன்னம் முன்னணையைப் பிடித்து, இரண்டு விரல் தூரம் இடப்பக்கம் அரக்கினேன்.

“என்ன செய்யிறியள்? சுவாமி வைச்சதெல்லோ!”

“சுவாமி வைச்சார். கண் எழுதினது நான்.”

மச்சாள் குனிந்தாள். மாதாவைப் பார்த்தாள், பாலனைப் பார்த்தாள், பின்னால் வரிசை நெருக்க நெருக்க அசையாமல் நின்று பார்த்தாள். பிறகு, “இன்னும் கொஞ்சம் இஞ்சாலை” என்று தன் விரலால் ஒரு தள்ளுத் தள்ளினாள்.

அவள் தள்ளிய பிறகுதான் பார்வை சரியாகப் பிள்ளையின் முகத்தில் விழுந்தது. அதை அவளுக்கு நான் ஏன் சொல்ல வேண்டும்?