கரும்பாலையில் மலைக்காரி

போன வாரம் தம்பி மகளைக் கூட்டிக்கொண்டு சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு புத்தகக் கடைக்குப் போயிருந்தேன். பிறந்த நாளுக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவள் தூக்கி வந்தது உலக வரலாற்றில் அதிகம் பேசப்படாத கறுப்பின மனிதர்களைப் பற்றிய சிறுவர் புத்தகம். கெட்டி அட்டை, பக்கத்துக்குப் பக்கம் வண்ணம். பழக்க தோஷத்தில் முகர்ந்து பார்த்தேன், ஒரு வாசமும் இல்லை. ஆனால் நடுப்பக்கத்தில் தலைத்துணி கட்டி, வெட்டுக்கத்தியோடு நின்ற பெண்ணை எனக்குத் தெரிந்திருந்தது. கொஞ்ச நேரம் உட்கார வேண்டியதாகிவிட்டது. கடைப்பெண் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்திருப்பாள்.

எமர்ஜென்சி முடிந்த சமயம். சேலத்துக்கு வெல்லம் கொண்டுபோன அப்பா, பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிவந்த பேப்பர்க் கட்டுக்குள் ஒரு ஒல்லிப் புத்தகம் இருந்தது. மண்ணெண்ணெய் வாசம் அடிக்கும். அடிமையாக விற்கப்பட்டு, கடல் தாண்டி வந்து, நம் தக்காணத்திலேயே சேனாபதி ஆன ஒரு ஆப்பிரிக்கர் அதில் இருந்தார். இந்தப் பெண்ணும் இருந்தாள். அச்சு படுமட்டம். மை அப்பியதில் முகமே தெரியாது, கண் மட்டும் வெள்ளையாக முழிக்கும். வீட்டில் எனக்குக் கருப்பாயி என்றுதான் பட்டப்பெயர். வெள்ளிக்கிழமை தவறாமல் கடலைமாவு போட்டுத் தேய்த்துத் தேய்த்து அம்மாவுக்குக் கை ஓய்ந்துபோயிருந்தது. கறுப்பாக இருப்பவர்களுக்கென்று தனியாகப் புத்தகமே போட்டிருக்கிறார்கள் என்பதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

சிறுவர் புத்தகம் என்றாலும் அதில் அடி அதிகம். அந்தப் பெண் இருந்த தீவில், கரும்புத் தோட்டத்து அடிமை ஓடினால் காதை அறுப்பார்கள். மறுபடி ஓடினால் குதிகால் நரம்பை வெட்டுவார்கள். படித்துப் பதறினேன் என்று சொன்னால் பொய். புதுச்சத்திரம் பக்கத்தில் எங்கள் ஊரில் அடி இல்லாத நாள் ஏது? வாத்தியார் புளிய விளாரால் வெளுப்பார், அம்மா கரண்டிக் காம்பைத் திருப்பிப் பிடிப்பாள். பெரியப்பா வண்டி மாட்டையும் பண்ணையத்து ஆட்களையும் ஒரே சாட்டையால் அடிப்பார். மாட்டுக்கு மட்டும் அப்புறம் மஞ்சள் பத்துப் போடச் சொல்வார்.

என் வாசிப்பைக் கேட்க இருந்த ஒரே ஆள் செல்லி. எங்கள் கரும்பாலையில் பாகு காய்ச்சிய சின்னானின் மகள், என் வயதுதான். பள்ளிக்கூடம் போனதில்லை, காய்ந்த கரும்புத் தோகையை அடுப்புக்குள் தள்ளுவது அவள் வேலை. தோகைக் குவியல்மேல் ஏறி உட்கார்ந்து, ரேடியோவில் செய்தி வாசிக்கும் அம்மாள்போலக் குரலைக் கட்டிக்கொண்டு நான் படிப்பேன். அந்தப் பெண்ணின் பெயர் என் வாயில் நுழையவில்லை. மலைக்கு ஓடிப்போய்ப் படை திரட்டியவள் என்பதால் மலைக்காரி என்று வைத்துக்கொண்டோம்.

"ஏனுங்க அம்மிணி, அங்கயும் கரும்புதானுங்களா?"

"ஆமா, கரும்புதான்."

"அவங்கப்பனையும் அடிச்சாங்களா?"

புத்தகத்தில் அது இல்லை. "அடிச்சிருப்பாங்க" என்றேன். செல்லி தோகையைத் தள்ளப் போய்விட்டாள்.

எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. பாகு பதம் வந்தாலும், பண்ணையக்காரர் வாயால் 'இறக்கு' என்று சொல்லாமல் கொப்பரையில் யாரும் கை வைக்கக் கூடாது. அன்று பெரியப்பா, வெல்லம் ஏற்ற வந்திருந்த லாரிக்காரரோடு ஏதோ வாய்ச்சண்டையில் இருந்தார். "சாமி, பதம் வந்துருச்சுங்க" என்று சின்னான் கூப்பிட்டார். பெரியப்பா திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். கருகல் வாசம் மூக்கில் ஏறிய பிறகுதான் திரும்பினார்.

"நின்னுக்கிட்டே தூங்கறயாடா நாயே?"

சாட்டை முதுகில் விழுந்தது. சின்னான் குனிந்துகொண்டார், கைகூடத் தூக்கவில்லை. சட்டை கிழிந்தது, பிறகு தோல். நாலு பக்கமும் ஆட்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். செல்லி அடுப்படியிலிருந்து எழுந்தாள். பாகு கிண்டும் நீளக் கரண்டியை இரண்டு கையாலும் கொப்பரைக்குள் விட்டு, மொண்டு, சாட்டை பிடித்த கையைப் பார்த்து வீசினாள்.

பாகு வெந்நீர் மாதிரி வழிந்து ஓடாது. பட்ட இடத்தைப் பிடித்துக்கொள்ளும், உரித்தால் தோலோடுதான் வரும். பெரியப்பா அலறிய அலறலில் களத்து மாடுகள் மிரண்டன. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்றைக்கும் அதைச் சொல்ல வெட்கமில்லை.

எல்லோரும் பெரியப்பாவைச் சூழ்ந்துகொண்டு தண்ணீர் ஊற்றினார்கள். ஆட்களுக்குச் சோறு கொண்டுவந்திருந்த அம்மா, கூடையைப் போட்டுவிட்டுச் செல்லியின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தாள். கொன்றுவிடப்போகிறாள் என்று நினைத்தேன். தரதரவென்று லாரிக்குப் பின்னால் இழுத்துப்போய், வெல்லச் சிப்பங்களுக்கு நடுவே தூக்கிப் போட்டாள். சின்னானையும் நெட்டி ஏற்றினாள்.

"எங்கயாச்சும் கொண்டுபோய் உட்டுரு சாமி" என்றாள்.

டிரைவர் சேலத்துக்காரர், ரஹீம் அண்ணன். பாதிச் சிப்பம் தரையிலேயே கிடக்க வண்டியை எடுத்துவிட்டார். அரிவாளோடு வந்தவர்களிடம், "ஏரிப் பக்கம் ஓடறாங்க பாருங்க" என்று அம்மா கை காட்டினாள்.

விஷயம் தெரிய ரொம்ப நேரம் ஆகவில்லை. கட்டுப்போட்ட வலக்கை தொங்க, பெரியப்பா இடக்கையால் அம்மாவை அறைந்தார். தம்பி பெண்டாட்டியைத் தொடக்கூடாது என்கிற முறையெல்லாம் அன்று பறந்துபோனது. அம்மாவின் உதடு கிழிந்தது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பொழுது சாய்வதற்குள் சின்னானின் குடிசை எரிந்தது. நான் செல்லிக்குப் படித்துக் காட்டியதைப் பெரியப்பா மகன் போட்டுக்கொடுக்க, புத்தகமும் ஆலை அடுப்புக்குள் போயிற்று. நான் பிடுங்கப் போனேன், எட்டி உதைத்தார்கள்.

பெங்களூர் ரோட்டில் இறங்கிக்கொண்டார்கள் என்று ரஹீம் அண்ணன் பின்னால் ஒருநாள் அம்மாவிடம் சொன்னாராம். அதற்குமேல் யாருக்கும் தெரியாது. கரும்பு போய், ஆலை போய், அந்த இடமெல்லாம் இன்று கோழிப்பண்ணை. செல்லிக்குப் பள்ளிக்கூடப் பதிவும் இல்லை, ஒரு போட்டோவும் இல்லை. ஊரில் யாரையாவது கேட்டால், "எந்தச் செல்லி?" என்கிறார்கள்.

பெரியப்பா வெகுகாலம் இருந்தார். கல்யாணமோ கருமாதியோ, வலக்கைமேல் துண்டு போட்டபடியேதான் வருவார். அவர் செத்தபோது குளிப்பாட்ட அந்தத் துண்டை எடுத்தார்கள். முழங்கைவரை சுருங்கி, பாகு வழிந்த தடம் அப்படியே இருந்தது. அதைப் பார்த்து நான் வாய்விட்டு அழுதேன். பெரியப்பாமேல் இந்தப் பிள்ளைக்கு இத்தனை பாசமா என்று சொந்தக்காரர்கள் தட்டிக் கொடுத்தார்கள். செல்லி எங்கள் ஊரில் இருந்தாள் என்பதற்கு மிச்சமிருந்தது அந்தக் கை ஒன்றுதான். சாயங்காலம் அதையும் எரித்துவிட்டார்கள்.