சம்பந்தி வீட்டுச் சூடு

வீட்டைச் சூடாக்கும் எங்கள் பழைய பொயிலர் பழுதாகிப் படுப்பதற்குப் பார்த்துப் பிடித்த நேரம், மகள் வயிற்றில் பிள்ளையோடு இருந்த அந்த ஐப்பசி மாதம். முதல் பிள்ளைப்பேற்றுக்குப் பெண் தாய் வீட்டுக்கு வருவதுதான் எங்கள் வழக்கம். லண்டனுக்கு வந்து எத்தனையோ வழக்கங்களை விட்டாயிற்று. இதை மட்டும் விட எனக்கு மனமில்லை. நாங்கள் இருப்பது மனோர் பார்க்கில் ஒரு பழைய வரிசை வீடு. மகள் கலியாணம் செய்துகொண்டு தோர்ண்டன் ஹீத்தில், மாமியாரோடு ஒரு புது பிளாட்டில் இருந்தாள்.

பொயிலர் கதை எப்படியோ மகளின் மாமியாரான சம்பந்தியின் காதுக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை கோயிலில் திருநீற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற என்னிடம் வந்தார். "உங்கட வீடு பழைய வீடுதானே, பச்சப்பிள்ளைக்குக் குளிர் கூடாது. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகும் அவ எங்களோடயே இருக்கட்டும். எங்கட பிளாட் ஹீட்டிங் போடாமலே சூடு" என்றார். அக்கறையா குத்தலா என்று பிரித்தறிய முடியாத குரல். "நாங்கள் எல்லாம் புதுசா பூட்டப்போறம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். என்ன பூட்டப்போகிறோம் என்று எனக்கே தெரியாது.

பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவதுதான் வேலை என்று நினைத்திருந்தேன். ஆளுக்கொரு பக்கம் இழுக்கத் தொடங்கினார்கள். ஜேர்மனியில் கனகாலம் இருந்துவிட்டு இங்கே வந்த என் அண்ணை, "நிலத்துக்குக் கீழால பைப் போடவேணும். கால் சூடா இருந்தா உடம்பும் சூடு" என்றார். அதற்கு வீட்டுத் தரை முழுக்கக் கிளப்ப வேண்டும். என் கணவர், "உமக்கென்ன விசரே? அறைக்கொரு கரண்ட் ஹீட்டர் வாங்கினா அலுவல் முடிஞ்சுது" என்றார். மகளைக் கேட்டால், "கேஸ் எல்லாம் பழசு அம்மா, ஹீட் பம்ப் போடுங்கோ" என்றாள். அது வெளிக்குளிரில் இருக்கிற சூட்டை எடுத்து உள்ளே தருமாம். குளிருக்குள் சூடு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பிரிட்ஜை யோசிச்சுப் பாருங்கோ, உள்ள குளிர், பின்னால சூடு என்றாள். யோசித்துப் பார்த்தேன். இன்னும் குழம்பியது. ஒவ்வொருவரும் சொல்லும்போது அதுதான் சரி என்று பட்டது. அடுத்தவர் வாயைத் திறந்ததும் அது போய்விடும்.

ஹீட் பம்ப் ஆட்கள் வீட்டை அளக்க ஒரு வெள்ளைக்காரரை அனுப்பினார்கள். நல்ல மனிதர். வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினார். எந்த அறைக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று கேட்டார். லண்டனில் இத்தனை காலமாக யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் ஹீட்டிங்குக்கு இரண்டு நிலைதான்: குளிர்ந்தால் போடுவது, என் கணவர் வந்ததும் நூர்த்து நிப்பாட்டுவது. ஹீட் பம்பைக் குறைவாக வைத்து நாள் முழுக்க விட்டுவிட வேண்டும், கையே வைக்கக்கூடாது என்று அளக்க வந்தவர் விளக்கினார். அறையை விட்டு வெளியே வரும்போதே கை தானாக லைட் சுவிட்சுக்குப் போகிற என் கணவர், சாமி கும்பிடுவது போல இரண்டு கையையும் கட்டிக்கொண்டு கேட்டார்.

பிறகு குசினிக்கு வந்தார்கள். அடுப்பில் மீன் குழம்பு. ஜன்னலும் பின்கதவும் அகலத் திறந்திருந்தன. கோட்டுகளில் கறி மணம் ஏறக்கூடாது என்று எங்கள் ஆட்கள் எல்லா வீட்டிலும் செய்கிற வேலை. இந்த ஜன்னல் எப்போதும் திறந்தா இருக்கும் என்று அவர் கேட்டார். இல்லை, சமைக்கும்போது மட்டும் என்றேன். எப்போதெல்லாம் சமைப்பீர்கள் என்றார். நானும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். எங்கள் வீட்டில் எப்போது சமைக்காமல் இருக்கிறோம் என்று யோசிக்க வேண்டியிருந்தது. அந்த மனிதர் தன் கணக்கைத் திருத்தினார்.

சுடுதண்ணீர்த் தொட்டி வைக்க மாடி அலுமாரி வேண்டும் என்றார். அங்கே எங்கள் அரிசி மூட்டைகள். வேலை முடிய மாதங்கள் ஆகலாம் என்றார். பிள்ளை மாதக்கணக்கில் காத்திருக்காது. மண்டை காய்ந்துபோய், கடைசியில் பழையபடி ஒரு கேஸ் பொயிலரையே பூட்டினோம். மகள் முகத்தைச் சுளித்தாள். அண்ணை கொஞ்ச நாள் கதைக்கவில்லை. செய்தது சரியா பிழையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மார்கழியில் பேரன் பிறந்தான். மகள் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள், ஆனால் "கொஞ்ச நாள் பார்ப்பம் அம்மா" என்றுதான் சொன்னாள். சம்பந்தி வீடு இன்னும் அவள் மனதில் இருக்கிறது என்று விளங்கியது. பிள்ளைப்பெற்றவளின் அறையில் காற்றுப் படக்கூடாது. ஜன்னலை இறுக்கிச் சாத்தி, ரேடியேட்டரைக் கடைசி வரைக்கும் திருப்பி, பேரனுக்குத் தொப்பி போட்டுப் பொத்திப் பொத்தி வைத்தேன். மிளகு, மஞ்சள், கொத்தமல்லிச் சரக்கு அரைத்து மகளுக்குக் கறி வைத்தேன். இனி எந்தப் பிளாட் எங்களோடு போட்டிக்கு வரும் என்று ஒரு பெருமை.

தாயையும் பிள்ளையையும் பார்க்க வீட்டுக்கு வந்த ஆஸ்பத்திரி மிட்வைஃப் அறைக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டாள். பிள்ளையின் பிடரியில் கை வைத்துப் பார்த்தாள். வேர்த்திருந்தது. தொப்பியைக் கழற்றினாள், ரேடியேட்டரைக் குறைக்கச் சொன்னாள், ஜன்னலையும் கொஞ்சம் திறக்கச் சொன்னாள். இவ்வளவு சூடு பச்சப்பிள்ளைக்கு ஆபத்தாம். எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. அப்படியானால் இத்தனை நாளாக எதற்கு இந்த ஓட்டம் ஓடினோம்? மகள் மட்டும் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். கட்டிலில் காலை நீட்டிச் சாய்ந்தாள்.

அந்தக் கிழமைக்குள்ளேயே சம்பந்தி பேரனைப் பார்க்க வந்தார். அறைக்குள் வந்தவர் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"என்ன இது, இப்பிடிக் குளிருது? புதுசு பூட்டினது வேலை செய்யேல்லையோ?"

மிட்வைஃப் சொன்னதைச் சொல்ல வாயெடுத்தேன். மகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று இப்போது சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன்.

"வேலை செய்யுது மாமி. நான்தான் குறைக்கச் சொன்னனான்" என்றாள் மகள், பிள்ளையை மடியில் வைத்தபடி. "எனக்கு இங்க நல்லா இருக்கு. முப்பத்தொரு நாள் துடக்குக் கழியுமட்டும் அம்மாவோடதான் இருக்கப்போறன்."

சம்பந்தி கோட்டைக் கழற்றாமலே இருந்து தேத்தண்ணி குடித்தார். எனக்கும் நன்றாகக் குளிர்ந்தது. ஆனாலும் ஜன்னலைச் சாத்த நான் எழும்பவில்லை.