குத்துச்சண்டை மேடையில் மூன்றாவது ஆள்

குத்துச்சண்டையில் அடி வாங்குவது இரண்டு பேர். திட்டு வாங்குவது மூன்றாவது ஆள். அந்த மூன்றாவது ஆள் நான்தான்.

சொந்த ஊர் அனுமந்தன்பட்டி. உத்தமபாளையம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். கல்லூரிக் காலத்தில் நானும் கையுறை மாட்டிக் குத்தியவள்தான். தோள்பட்டை ஒருமுறை இறங்கிப்போனதும், போதும் என்று சொல்லிவிட்டார் டாக்டர். மேடையை விட்டுப் போக மனசில்லை. நடுவர் பரீட்சை எழுதி, பன்னிரண்டு வருஷமாகப் பெண்கள் போட்டிகளில் நடுவே நிற்கிறேன். பஸ்ஸில் ஜன்னல் சீட்டுச் சண்டையை விலக்கப் போய் இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள், மாமியாருக்கும் மருமகளுக்கும் சமாதானம் பேசி இருவருக்கும் ஆகாமல் போனவர்கள், எல்லோரும் என் இனம். உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

ரசம் வரலையே

தேனியில் மாவட்டப் போட்டி. மழைக்குப் பயந்து ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் மேடை போட்டிருந்தார்கள். கீழே சாப்பாட்டுக் கூடத்தில் யார் வீட்டுக் குழந்தைக்கோ விசேஷம். ஆக, கீழே காதுகுத்து, மேலே மூக்குக்குத்து. அப்போது எங்களுக்கு உடுப்பு வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட், கழுத்தில் கறுப்பு போ டை. அந்தக் கோலத்தோடு தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கியதுதான் நான் செய்த தப்பு. பந்தியிலிருந்த ஒரு பெரியவர் என்னைக் கை தட்டிக் கூப்பிட்டு, "ஏம்மா, இந்த வரிசைக்கு ரசம் வரலையே" என்றார். நான் யார் என்று விளக்கிச் சொல்வதற்குள் அவர் இலை காய்ந்துவிடும். பக்கத்திலிருந்த வாளியைத் தூக்கி அந்த வரிசைக்கு ஊற்றிவிட்டு மாடிக்கு ஓடினேன்.

சாப்பிட்டுக் கை கழுவிய பெரியவர், மேலே என்ன சத்தம் என்று பார்க்கப் படியேறி வந்திருக்கிறார். கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே நான் புகுந்து "பிரேக், பிரேக்" என்று பிரித்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்து ஆளிடம் சொன்னது மேடை வரைக்கும் கேட்டது: "கீழ ரசம் ஊத்துன பிள்ளை, மேல வந்து சண்டையும் வெலக்கிவிடுது. நல்ல ஆளாத்தான் பாத்துப் பிடிச்சிருக்காக!"

விட்ருடி

பொட்டிப்புரத்துப் பிள்ளை பவித்ராவுக்கு இடது கை நல்ல கை. ஒரு போட்டிக்கு அவள் அம்மா முதல்முறையாக, தோட்ட வேலையைப் போட்டுவிட்டு, மகள் குத்துவதைப் பார்க்க வந்திருந்தார். இரண்டாவது ரவுண்டில் பவித்ரா எதிராளியைக் கயிற்றோரம் தள்ளிக்கொண்டு போனாள். அம்மா எழுந்து மேடைப் பக்கம் ஓடி வந்து, "அடியே பவித்ரா, பாவம்டி அந்தப் பிள்ளை, விட்ருடி!" என்று கத்தினார். பவித்ரா திரும்பிப் பார்த்தாள். அந்த நொடியில் அந்தப் 'பாவம்' விட்ட குத்து அவள் தாடையில் இறங்கியது.

சண்டை நடக்கும்போது வெளியிலிருந்து யாரும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பது விதி. ஆட்டத்தை நிறுத்தி, அந்த அம்மாவை எச்சரித்தேன். அவருக்கு வந்ததே கோபம். இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்: "நான் எங்க டீச்சர் சொல்லிக்குடுத்தேன்? அடிக்காதேன்னுல்ல சொன்னேன்!"

அம்புட்டுத் தூரம் எதுக்கு?

வடக்கே ஒரு பெரிய நகரத்தில் நடக்கும் சர்வதேசப் பெண்கள் அமெச்சூர் போட்டிக்கு நடுவராக வரச்சொல்லி எனக்கு மெயில் வந்தபோது, வீட்டில் கேசரி கிண்டினார்கள். என் கணவரின் அண்ணன் வாழைத்தோட்டத்திலிருந்து நேராக வந்து, "நம்ம நாட்டுப் பிள்ளைகளப் பாத்துக்கத்தா" என்றார். ஒரு நாட்டு நடுவர் அந்த நாட்டுப் பெண்கள் சண்டை போடும்போது மேடையேறவே கூடாது மாமா என்றேன். அவர் கேசரியைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்ப யாரு சண்டைக்கு நிப்ப?"

"யாருன்னே தெரியாத ரெண்டு பேருக்கு. நியாயம் சொல்றதுக்குத்தான மாமா போறேன்."

"நியாயம் சொல்லணும்னா இங்கனயே மூணு வரப்புத் தகராறு கெடக்கேத்தா, அதுக்கு எதுக்கு ஏரோப்ளேன்ல போற?"

ஒண்ணு, ரெண்டு

அங்கே எனக்கு விழுந்த முதல் ஆட்டத்திலேயே, முதல் நிமிஷத்தில் ஒரு பெண் பொத்தென்று விழுந்துவிட்டாள். விழுந்தவள் முகத்துக்கு நேரே விரலைக் காட்டி எட்டு வரை ஆங்கிலத்தில் எண்ண வேண்டும். சுற்றிலும் கேமரா, விளக்கு, அத்தனை நாட்டுக் கொடி. எனக்கு நெஞ்சு அடித்த அடியில் வாயில் வந்தது, "ஒண்ணு, ரெண்டு, மூணு..." பாதியில் மாற்றினால் குழப்பம் என்று எட்டு வரை தமிழிலேயே போய்விட்டேன். அந்தப் பெண் விரலைப் பார்த்தே எழுந்து, கையுறையைத் தூக்கி, மூன்றாவது ரவுண்டு முடிவில் ஜெயித்தும்விட்டாள்.

மேலதிகாரி கூப்பிடுவார் என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன். கூப்பிட்டது மேடையோர டாக்டர். கோட்டயத்துக்காரர். கண்ணெல்லாம் சிரிப்பாக என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நம் எண்ணும் அவர்கள் எண்ணும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் சொன்னார்: "டீச்சரே, இத்தனை நாட்டுக்காரங்க முன்னாடி எங்க மலையாளத்துல எண்ணினீங்களே, வளரே சந்தோஷம்!"

நாற்பது வினாடி

இது சிரிக்கிற விஷயம் இல்லை; ஆனாலும் இதைச் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் அரைப்பொய்.

கால் இறுதி. ஜெயித்தால் வெண்கலமாவது நிச்சயம், தோற்றால் வெறுங்கை. சிவப்பு மூலையில் ஒரு குளிர்தேசத்துப் பெண், இருபது வயசிருக்கும். இரண்டு ரவுண்டும் அவள் பக்கம். கடைசி ரவுண்டில் நாற்பது வினாடிதான் பாக்கி. பொட்டில் ஒரு குத்து விழுந்தது. விழுந்தாள், எழுந்தாள். எட்டு எண்ணினேன். கையுறையைத் தூக்கிக் காட்டினாள். கால் நேராகத்தான் நின்றது. ஆனால் கண் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் எதையோ தேடியது. நாற்பது வினாடி அவள் சும்மா ஓடிக்கொண்டிருந்தாலே பதக்கம். எனக்கும் அது தெரியும். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே ஆட்டி ஆட்டத்தை முடித்துவிட்டேன்.

அவள் அலறிய அலறல் இன்னும் காதில் இருக்கிறது. அவள் பயிற்சியாளர் துண்டை என் காலடியில் எறிந்தார். கூட்டம் கூச்சல் போட்டது. அறைக்கு வந்து சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தேன், இறங்கவில்லை. ஒரு பிள்ளையின் இத்தனை வருஷ உழைப்பை ஒரு கையாட்டில் அழித்துவிட்டேனா? மறுநாள் கோட்டயத்து டாக்டர்தான் சொன்னார்: பரிசோதனை அறையில் அவள், இது எத்தனாவது ரவுண்டு என்று நான்கு தடவை கேட்டாளாம். இன்னொரு அடியை அந்தத் தலை தாங்கியிருக்காது. அன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

கடைசி நாள் காலைச் சாப்பாட்டில் அந்தப் பெண் தன் அணியின் மொழிபெயர்ப்பாளரோடு என் மேஜைக்கு வந்தாள். உட்காரவில்லை. சிரிக்கவும் இல்லை. ஒப்பிப்பதுபோல ஏதோ சொன்னாள். மொழிபெயர்த்தவர் தயங்கித் தயங்கிச் சொன்னது இது: "எங்க அம்மா போன்ல உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க, சொல்லிட்டேன். எனக்குக் கோபம் இன்னும் போகலை."

ஒரு அடி கூட

ஊருக்குத் திரும்பினால் பக்கத்து வீட்டு ரத்தினம் அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். தன் மகனுடைய போனில் எல்லா ஆட்டமும் பார்த்தாராம். நான் மேடையேறிய போதெல்லாம் தெருவையே கூப்பிட்டுக் காட்டினாராம். என்னைச் சுற்றி வந்து மூக்கு, பல், கை எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. ஆனாலும் அக்கா முகத்தில் ஒரு வாட்டம். கேட்டதற்கு, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "எல்லாரும் மாத்தி மாத்திக் குத்துனாக, நீ ஒருத்திதான் அம்புட்டு நேரம் உள்ள நின்னும் ஒரு அடி கூட அடிக்காம எறங்கிட்ட!"

பன்னிரண்டு வருஷத்தில் நான் கண்டுகொண்டது, மேடையேறின இரண்டு பிள்ளைகளும் தங்கள் காலில் நடந்து, தங்கள் பெயர் தெரிந்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், நடுவில் நின்றவளை நாலு பேர் திட்டுவது ஒன்றும் பெரிய அடி இல்லை என்பதுதான்.